கார்த்திகை 25-க்குப் பிறகு

எங்கள் குழுவில் பேரேடு படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேருமே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வு வரைக்கும் தமிழை விடாதவர்கள். அப்படியும் ஒரு தாத்தா தகரப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த பழைய கடைக்கணக்கு ஏட்டைத் திறந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

இறுதியாண்டுத் திட்டத்துக்காக பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைத்தெருக் குடும்பங்களிடம் இருக்கும் பழைய தாள்களையும் படங்களையும் மின்னாக்கம் செய்கிறோம். ஆனால் சனிக்கிழமைகளில் நாங்கள் கடைத்தெருப் பக்கம் போவதே குறைவு. ஜெலுத்தோங், பாயான் பாரு, ஃபார்லிம் என்று அடுக்குமாடிகளில் லிஃப்டுக்காகக் காத்துக் கிடக்கிறோம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு போனது. வாடகை ஏறியது, பலர் பெட்டியைக் கட்டினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜார்ஜ்டவுன் சேர்ந்தபோது கட்டடங்கள் இருந்தன. குடியிருந்த தாத்தாக்கள் பலர் வேறு எங்கோ பத்தாவது மாடியில் இருந்தார்கள். கூடவே அவர்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டிகளும்.

இந்தத் தாத்தாவின் அப்பா கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். போன உடனே "பசியாறிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். ஆமாம் என்று சொன்னாலும் விடவில்லை. ரொட்டியும் தேத்தண்ணியும் முடித்த பிறகுதான் ஏடு வெளியே வந்தது.

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டோம்: விஷு௵ கார்த்திகை௴ என்று ஆரம்பித்து, பக்கம் முழுக்கக் கிறுக்கல் போன்ற குறிகள். என் தோழி அவற்றை மைக்கறை என்றே அட்டவணையில் எழுதிவிட்டாள். தாத்தா விரலை வைத்துக் காட்டினார். "இது வருசம், இது மாசம், இந்தா இது நாள். இது பற்று, இது வரவு. பள்ளிக்கூடத்துல இதெல்லாம் சொல்லித் தரலியா?" ௵, ௴, ௳, ௶, ௷. எண்களும் அப்படித்தான்: ௨௰௫ என்றால் 25. இந்தக் குறிகள் எல்லாம் 2003-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டனவாம்! நான் இன்னும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டித்தான் போடுகிறேன். எழுத்துணரி மென்பொருளிடம் ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தோம். அது தந்ததை இங்கே போட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் விவரப் படிவம் டப்ளின் கோர் முறையில் அமைந்தது, நூலகங்களும் காப்பகங்களும் ஒரு பொருளைப் பற்றிய விவரங்களைக் குறிக்கப் பயன்படுத்தும் முறை அது. தலைப்பு, ஆக்கியோர், தேதி, இடம் என்று மொத்தம் 15 கட்டங்கள். இடம் என்ற கட்டத்தில் நாங்களே வைத்த பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும், அதில் லெபோ பாசார் என்ற மலாய்ப் பெயர் இருக்கிறது, அதே தெருவின் தமிழ்ப் பெயரான கடைத்தெரு இல்லை. தாத்தா ஒரு தடவைகூட லெபோ பாசார் என்று சொல்லவில்லை. அதேபோல் தண்ணீர்மலை என்பாரே தவிர ஜாலான் கெபுன் பூங்கா என்று அவர் வாயில் வராது. இரண்டு வாரம் பேசிப் பேசி, தமிழ்ப் பெயருக்கு என்று ஒரு கட்டம் கூட்டினோம். பெரிய புரட்சி ஒன்றுமில்லை, எக்செல்லில் ஒரு பத்தி.

பெட்டியில் ஒரு படமும் இருந்தது, தைப்பூச வெள்ளி ரதம். பின்னால் எதுவும் எழுதவில்லை. மேலே கம்பிகள் போவதை வைத்து, இது கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து டிராலி பஸ் ஓடிய காலம் என்று வாதாடினேன். பினாங்கில் டிராலி பஸ் 1961-இல் நின்றது. "அந்த ஓரமா நிக்கிறது எங்க அக்கா" என்றார் தாத்தா. "கல்யாணம் ஆகாத அக்கா. அப்போ 1954-க்கு முன்னாடி." என் கம்பிகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

சரி, ஏட்டுக்கு வருகிறேன். ஒரு பக்கத்தை 600 டிபிஐ வண்ணத்தில் டிஃப் கோப்பாக எடுத்தால் நூறு மெகாபைட் பிடிக்கும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வன்தட்டு. அதனால் ஏட்டின் பின்பாதியில் இருந்த வெற்றுத்தாள்களைப் படமெடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொன்னது நான்தான். எழுத்து இருந்த பக்கங்களை முடித்து ஏட்டை மூடப் போனபோது தாத்தா கையை நீட்டித் தடுத்தார்.

"மிச்சத்தை எடுக்கலியா பாப்பா?"

"அதில் ஒன்றும் இல்லையே தாத்தா."

"ஒண்ணும் இல்லாமப் போனது ஏன்னு பாத்தியா?"

கடைசி வரி கார்த்திகை 25. விஷு வருடம் என்றால் 1941. பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்தால் டிசம்பர் 10 வருகிறது. மறுநாள் வியாழக்கிழமை ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ்டவுன்மேல் குண்டு போட்டன. பலர் ஓடி ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள். செத்ததில் அவர்கள் நிறைய. தாத்தாவுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா கடையைப் பூட்டிவிட்டு, அவரைத் தோளில் வைத்து ஆயர் ஈத்தாம் பக்கம் நடந்தாராம். 19-ஆம் தேதி ஜப்பான்காரன் தீவுக்குள் வந்துவிட்டான். பிறகு கடை திறந்தபோது, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்குப் புது ஏடு போட்டார். இதில் மறுபடி எழுதவில்லை, தூக்கியும் எறியவில்லை. பற்று இருந்ததே! யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது இதில்தான் இருந்தது.

"வசூல் ஆனதா?" என்று கேட்டோம். ஒரு பெயரைக் காட்டி, "இவர் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனார்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பெயருக்கு அதுவும் சொல்லவில்லை.

அன்றைக்கே உட்கார்ந்து வெற்றுத்தாள்களையும் எடுத்தோம், 41 பக்கங்கள். பழுப்பேறியவை, சிலவற்றில் பூச்சி அரித்த ஓட்டை. வேறு கோப்புகளை அழித்து இடம் பண்ணினோம், அது தனிக் கதை.

கிளம்பும்போது ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கண்ணாடியை மாட்டி முழுவதும் படித்தார். எழுதியிருக்கும் பக்கங்கள் எதையும் இணையத்தில் போடக்கூடாது என்றார். "கடன்பட்டவன் பேரு இருக்கு. அவங்க பேரப்பிள்ளைங்க இங்கதான் இருக்காங்க, சில பேரு கோயில்ல என்னைப் பாத்துக் கும்பிடுறாங்க. ஆராய்ச்சி பண்றவங்க வந்து பாத்துக்கட்டும், எல்லாருக்கும் வேண்டாம்." எங்கள் விரிவுரையாளர் அதைக் கேட்டு உடனே சரி என்றார். எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம், ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டியவள் ஆயிற்றே.

போன வாரம் தொகுப்பை ஏற்றினோம். அந்த ஏட்டைத் திறக்கிறவர்களுக்கு இப்போது தெரிவது அதன் அட்டை, தேதி வரி மட்டும் தெரியும்படி வெட்டிய ஒரு படம், அப்புறம் நான் வேண்டாம் என்ற அந்த 41 பக்கங்கள்.