புள்ளிக்கோடு

அன்று மதியம் நான் அனுப்பிய பதில் ஒரே சொல். "அக்கோர்ட்." சம்மதம் என்று அர்த்தம். இங்கே நெதர்லாந்து அலுவலகங்களில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது தட்டுகிற சொல்தான். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் வேறு எதற்காவது அந்தச் சொல்லை எழுதும்போது கை ஒரு கணம் நிற்கிறது.

விஷயம் ஒரு கோடு. ஹாலந்தை ஆண்ட கவுண்டுகள் என்ற சிற்றரசர்களின் வம்சாவளியைச் சுவர் முழுக்க வரைந்துகொண்டிருந்தோம். 922-இல் எக்மொண்ட் தேவாலயத்தை மானியமாகப் பெற்ற முதலாம் டிர்க்கில் தொடங்கும். 1433-இல் எல்லாப் பட்டங்களையும் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிய யாகோபாவோடு முடியும். பட்டத்தில் இருந்தவருக்குக் கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே முழுக்கோடு. உரிமை கோரியும் நிலைக்காமல் போனவர்களுக்குப் புள்ளிக்கோடு. இந்த விதியை எழுதியதே நான்தான்.

ஏழாம் டிர்க் 1203 நவம்பரில் இறந்தார். ஆண் வாரிசு இல்லை. பதினைந்தை ஒட்டிய வயதில் ஆடா என்று ஒரு மகள். நான் டிர்க்கிடமிருந்து ஆடாவுக்கு முழுக்கோடு இழுத்திருந்தேன். ஆடாவுக்குக் கீழே கோடு அறுந்து நிற்கும். டிர்க்கின் தம்பி வில்லெமின் கட்டம் அவர்களுடைய அப்பா மூன்றாம் ஃபுளோரிஸிடமிருந்து தனியாக இறங்கி வரும். பார்த்தவுடன் அங்கே ஒரு முறிவு இருப்பது தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் வரைந்தேன்.

அச்சகத்துக்கு நான்கு மணிக்குக் கோப்பு போக வேண்டும். இரண்டரைக்கு அவர் வந்து என் திரைக்குப் பின்னால் நின்றார். முப்பது வருஷமாக இடைக்கால வரலாறே கதி என்று கிடப்பவர். இந்த அலுவலகத்தில் எல்லாரும் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு அவரிடம் மட்டும் அது வாயில் வராது.

"டிர்க்கிடமிருந்து வில்லெமுக்கு நேராக இழுத்துவிடுங்கள்," என்றார். "ஆடாவைப் பக்கத்தில் புள்ளிக்கோட்டில் போடலாம்."

"பட்டத்துக்கு வந்தது ஆடாதானே? வில்லெம் படையோடு வந்து பிடுங்கிக்கொண்டவர்."

"ஆடா ஆளவே இல்லையே."

"அப்படியானால் வில்லெம் கட்டத்தின் கீழே என்ன எழுத?"

"டிர்க்குக்குப் பின் தம்பி வில்லெம் வந்தார் என்று எழுதுங்கள். அதில் என்ன பொய் இருக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. பொய் இல்லைதான். டிர்க்குக்குப் பின் வில்லெம் வந்தார். கென்னமர்லாந்துக்காரர்களின் ஆதரவோடு வந்தார். லெய்டன் நகரின் மேட்டுக்கோட்டையில் ஒளிந்திருந்த அண்ணன் மகளை முற்றுகையிட வந்தார். கோட்டைக்குள் உணவு தீர்ந்து, அந்தப் பெண் இறங்கி வந்து சரணடைந்தாள். முதலில் டெக்ஸல் தீவு, பிறகு கடல் கடந்து இங்கிலாந்தில் ஜான் மன்னரிடம். இத்தனையும் 'வந்தார்' என்ற ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அதைப் படிக்கிறவர் காதில் விழுவது என்னவோ, முறைப்படி அண்ணனுக்கு அடுத்துத் தம்பி என்பதுதான்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மணி மூன்று ஆகிவிட்டிருந்தது. கோட்டை மாற்றினேன், புள்ளிகளைப் போட்டேன், 'அக்கோர்ட்' என்று எழுதி அனுப்பினேன்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது சின்னதல்ல. ஆடாவுக்கும் லோன் கவுண்ட் லோடெவைக்குக்கும் டிர்க்கின் உடலை அடக்கம் செய்யும் முன்பே கல்யாணம் நடந்தது. நடத்திவைத்தவர் ஆடாவின் அம்மா, கிளேவ் அலெய்ட். கணவர் பிணமாகக் கிடக்கையில் மகளுக்குக் கல்யாணம் என்றால், அந்த அம்மாவுக்கே மகளின் உரிமை தானாக நிலைக்கும் என்ற நம்பிக்கை இருக்கவில்லை என்றுதானே பொருள்? ஹாலந்து என்பது ஜெர்மானியப் பேரரசரிடமிருந்து பெற்ற மானிய நிலம். அதுவரை அங்கே ஒரு பெண் தன் உரிமையில் ஆண்டதில்லை. வில்லெமோ உண்மையிலேயே ஆண்டார். 1213-இல் கெர்ட்ரூடென்பெர்க், 1217-இல் மிடெல்பர்க், 1220-இல் டோர்ட்ரெக்ட் என்று நகர உரிமைப் பத்திரங்கள் அவர் பெயரில் நிற்கின்றன. சிலுவைப் போருக்குப் போய் எகிப்தின் டாமியெட்டா முற்றுகையிலும் இருந்தார். அவருக்குப் பின் வந்த கவுண்டுகள் அவர் வழியில் வந்தவர்கள். ஆடாவுக்குப் பிள்ளையே இல்லை, 1223-இல் இறந்தாள். வம்சாவளி என்பது ரத்தம் போன வழியைக் காட்டும் படம் என்றால், கோடு போக ஆடாவிடமிருந்து வழியே கிடையாது.

இதெல்லாம் சரி. ரயில் ஏறும்வரை இதையேதான் எனக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோப்பு நான்கு மணிக்கே போய்விட்டது. ஐந்தே கால் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் முதலாம் யான் நினைவுக்கு வந்தார்.

யான், ஐந்தாம் ஃபுளோரிஸின் மகன். 1296 ஜூனில் ஃபுளோரிஸை அவருடைய பிரபுக்களே கடத்திக்கொண்டு போய் மைடர்பெர்க் அருகே கொன்றார்கள். அப்போது யானுக்குப் பன்னிரண்டு வயது; இங்கிலாந்து அரசவையில் வளர்ந்துகொண்டிருந்தான். முதலாம் எட்வர்ட் தன் மகளைக் கட்டிவைத்து ஊருக்கு அனுப்பினார். ஊருக்கு வந்தவனைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு ஆண்டவர் வோல்ஃபெர்ட் வான் போர்சலன். 1299-இல் டெல்ஃப்ட்டில் கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அடுத்ததாக அப்பாவின் அத்தை மகன் யான் வான் அவென் பிடியை எடுத்துக்கொண்டார். அதே வருஷம் நவம்பரில் பையன் ஹார்லெமில் இறந்துபோனான். வயது பதினைந்து. பிள்ளை இல்லை. அவனோடு ஹாலந்து குடும்பத்தின் நேர்வழியே முடிந்தது.

பதினைந்து வயது, அவசரமாக ஒரு கல்யாணம், நடுவே இங்கிலாந்து, பிள்ளை இல்லை, கையில் அதிகாரமும் இல்லை. ஆடாவுக்குச் சொன்ன ஒவ்வொரு காரணமும் யானுக்கும் பொருந்துகிறது. யானின் கட்டத்துக்கு முழுக்கோடு. அதை இழுத்தது நான். யாரும் கேள்வி கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏன், ஐந்தாம் ஃபுளோரிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1256 ஜனவரியில் அவருடைய அப்பா இரண்டாம் வில்லெம் ஹோக்வாட் அருகே பனிக்கட்டி உடைந்து குதிரையோடு சிக்கி, மேற்கு ஃப்ரீஸியர் கையில் மாண்டபோது பிள்ளைக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. முதலில் சித்தப்பா, அவருக்குப் பின் அத்தை அலெய்டிஸ், அவன் பெயரில் ஆண்டார்கள். சுவரில் 1256-இலிருந்தே அவருக்கு முழுக்கட்டம். கட்டத்துக்குள் நுழைய ஆள வேண்டிய அவசியமில்லை என்பதை என் சுவரே காட்டிக்கொண்டிருந்தது.

இந்த யான் கதை இரண்டரை மணிக்கு வாயில் வந்திருந்தால்? வாக்குவாதத்தை நூறு தடவையாவது மனதுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறேன். சில நாள் நான் ஜெயிப்பேன். சில நாள் அவர் சொல்வார்: "யான் கவுண்ட் என்பதை அன்றைக்கு யாரும் மறுக்கவில்லை. ஆடாவை மறுத்தார்கள்." நான் 1206-ஐ எடுத்துப் போடுவேன். அந்த வருஷம் ப்ரூக்கே நகரில் எழுதிய உடன்படிக்கை ஹாலந்தை ஆடாவின் கணவருக்குத்தான் ஒதுக்கியது. அவர், "அது நடைமுறைக்கு வரவில்லையே," என்பார். அங்கே நான் நின்றுவிடுவேன். நடைமுறைக்கு வராததற்குக் காரணம் ஜெயித்தவர் மதிக்காததுதான் என்று சொன்னாலும், சுற்றிச் சுற்றி 'யார் ஜெயித்தார்' என்ற இடத்துக்கே வந்து சேருகிறோம்.

பெண் என்பதால்தான் ஆடாவுக்குப் புள்ளிக்கோடு என்று கொஞ்ச நாள் நம்பினேன். அப்படி நினைத்தபோது கோபம் சுலபமாக வந்தது. ஆனால் சுவரே அதற்கும் இடம் கொடுக்கவில்லை. 1345-இல் நான்காம் வில்லெம் வார்ன்ஸ் போரில் ஃப்ரீஸியர் கையில் இறந்ததும் சகோதரி மார்கரீத்தாவுக்குப் பட்டம் போகிறது, முழுக்கோடு. பேரரசர் லுட்விக் அவளுக்கு மானியம் எழுதினார். அவர் அவளுடைய கணவர். யாகோபாவுக்கோ இருப்பதிலேயே பெரிய கட்டம், படத்தோடு. அவளும் தோற்றவள்தான். ஒரு பக்கம் மாமன் மகன் பர்கண்டி ஃபிலிப், இன்னொரு பக்கம் சித்தப்பா. 1425-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் காவலிலிருந்து ஆண் வேஷத்தில் தப்பித்தாள். 1428-இல் டெல்ஃப்ட்டில், ஃபிலிப்பின் சம்மதம் இல்லாமல் மறுமணம் செய்துகொள்ள மாட்டேன் என்பது வரைக்கும் ஒப்புக்கொண்டாள். ஐந்து வருஷத்தில் எல்லாவற்றையும் விட்டுக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் தோற்றவர்கள். ஒருத்திக்கு முழுக்கட்டம், ஒருத்திக்குப் புள்ளி. வித்தியாசம் எங்கே என்று வெகுநாள் யோசித்து இப்படித்தான் எனக்குப் பிடிபட்டது: ஃபிலிப்புக்கு யாகோபாவின் கையெழுத்து தேவைப்பட்டது. அவள் உரிமையுள்ள கவுண்டஸ் என்று ஆனால்தான் அவளிடமிருந்து வாங்கியது செல்லும். அவளைத் தோற்கடித்தவரே அவள் கட்டத்தை உறுதிப்படுத்தினார். வில்லெமுக்கு ஆடாவிடமிருந்து வாங்க எதுவுமில்லை. அவள் கண்காணாத தூரத்தில் இருந்தால் போதும். அத்தை அலெய்டிஸுக்கும் முழுக்கோடு உண்டு, ஏனென்றால் 1299-இல் பட்டம் அவென் குடும்பத்துக்குப் போக அவள் வழியாகத்தான் போக முடியும். அந்த யான் அவளுடைய மகன். அவளைப் புள்ளியாக்கினால் அதற்குப் பிறகு சுவரே இல்லை.

இது சரியான விளக்கம்தானா, இல்லை என் கோட்டைக் காப்பாற்றிக்கொள்ள நானே கட்டிக்கொண்டதா? பல நாள் எனக்கு இரண்டாவதாகத்தான் தோன்றுகிறது. முதல் வரைவுக்கு மூன்று வாரம் உழைத்திருந்தேன். அறுந்து நிற்கும் அந்தக் கோடு படத்திலும் அழகாக இருந்தது. நான் வாதாட நினைத்தது ஆடாவுக்காகவா, அந்த மூன்று வாரத்துக்காகவா என்று நேர்மையாகக் கேட்டால் என்னிடம் ஒரே பதில் இல்லை.

லெய்டன் கோட்டைக்கு அதற்குப் பிறகு நாலைந்து தடவை போயிருக்கிறேன். இரண்டு ரைன் கிளைகளும் சேரும் இடத்தில் மண்ணைக் குவித்துக் கட்டிய மேடு. உச்சியில் வட்டமாக ஒரு மதில். உள்ளே கூரையில்லை, புல், மரம், ஒரு கிணறு. மதில்மேல் ஒரு சுற்று சுற்றிவர இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அம்பெய்யும் சந்து வழியே பார்த்தால் வீடுகளின் ஓடுதான் கண்ணில் முட்டுகிறது. எவ்வளவு சின்ன இடம் என்பதுதான் ஒவ்வொரு முறையும் உறைக்கிறது. கீழே நிற்கிறவன் பேசினால் மேலே கேட்கும். சித்தப்பாவின் ஆட்கள் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும்.

இந்த வசந்தத்தில் சுவரின் இரண்டாம் பலகையில், ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் உரசிக் கீறல் விழுந்துவிட்டது. அதே பலகைதான்: மூன்றாம் ஃபுளோரிஸ், ஏழாம் டிர்க், வில்லெம், ஆடா. மறுபடி அச்சடிக்க வேண்டும். அவர் மறுபடியும் வந்து என் திரைக்குப் பின்னால் நின்றார்.

"எப்படியும் அச்சடிக்கிறோம். திருத்தம் ஏதாவது உண்டா?"

அவசரம் ஒன்றும் இல்லை. ஒரு வாரம் இருந்தது. யான் கதை முழுக்க நாக்கு நுனியில் இருந்தது. அவர் குரலிலும் விரட்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். ஒருவேளை அவருக்கும் அந்தக் கோடு உறுத்திக்கொண்டே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்.

"இல்லை," என்றேன். "பழைய கோப்பே போதும்."

நேரமில்லாததால்தான் அன்று ஒப்புக்கொண்டேன் என்று இரண்டு வருஷமாக நம்பியிருந்தேன். இந்தத் தடவை நேரம் இருந்தது. அவர் பக்க நியாயம் எனக்குள் இறங்கிவிட்டதா, பழைய சம்மதத்தைத் திரும்ப வாங்கக் கூச்சமா, தெரியவில்லை.

அவர் போனதும் கோப்பைத் திறந்தேன். ஆடாவின் கட்டத்துக்குப் போகும் புள்ளிகள் சுவரில் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் விழும். அதை மூன்றாக்கினேன். புள்ளிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன். சேமித்தேன், அச்சகத்துக்கு அனுப்பினேன். அவரிடம் சொல்லவில்லை.