நாகையில் கப்பல் நின்ற இடம்

நாகப்பட்டினத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். ராஜராஜன், கடாரத்து மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், கடைசியில் சுனாமி. எல்லாம் உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் துறைமுகம் என்று பேச்சு வந்தால் இவர்களில் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். அம்மாவைப் பெற்ற தாத்தா ஒரு கப்பல் ஏஜென்சியில் டாலி கிளார்க்காக இருந்தவர். படகில் எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது என்று நோட்டில் கோடு போட்டு எண்ணுவது அவர் வேலை. அவர் பேச்சில் வந்ததெல்லாம் படகு, படகுக்காரர்கள், ஐப்பசி கார்த்திகைக் கடல், நனைந்துபோன பாக்கு மூட்டை. நாகைத் துறைமுகத்தின் கதை உண்மையில் அங்கேதான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகப் படுகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தாத்தா காலத்து நாகையில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வந்ததில்லை. காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன கரை இது. கடலுக்குள் வெகுதூரம் போனாலும் ஆழம் மெல்லத்தான் கூடும். கடுவையாறு கடலில் சேருகிற முகத்துவாரம்தான் துறைமுகம். ஒரு பருவத்தில் மணல் வடக்கே நகரும், வாடைக்காற்று வீசும் பருவத்தில் தெற்கே திரும்பும். இந்தப் போக்குவரத்தில் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோகும். ஆற்றுக்குள் தோணி வரலாம், வத்தை வரலாம். நீராவிக் கப்பலுக்கு அங்கே வேலை இல்லை. அது ஓரிரு மைல் தள்ளி, ஆழம் இருக்கிற இடத்தில், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அலையைத் தடுக்க ஒரு சுவர்கூடக் கிடையாது.

அப்படியானால் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே இருந்த அந்த ஓரிரு மைல்தான் துறைமுகம். அதை நடத்தியவர்கள் சலங்குக்காரர்கள்.

சலங்கு என்பது சரக்கு ஏற்றும் பெரிய படகு. சோழமண்டலக் கரை முழுக்கவே ஒரு காலத்தில் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகுகள் ஓடின. வெள்ளைக்காரர்கள் அவற்றை மசூலா என்று எழுதினார்கள். கரையில் அலை உடையும் இடத்தில் ஆணி அடித்த படகு தரை தட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். ஐரோப்பாவிலிருந்து பெருங்கப்பல்களில் வந்தவர்கள் கடைசி ஒரு மைலுக்கு இந்தப் படகுகளையும் இவற்றை ஓட்டியவர்களையும் நம்பித்தான் கரையேறினார்கள். டச்சுக்காரர்கள் 1658இல் நாகையைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1690இல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கே மாற்றி, பெரிய கோட்டையும் கட்டினார்கள். 1781இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே இந்தக் கடலில் ஆங்கிலேயக் கப்பற்படையும் பிரெஞ்சுக் கப்பற்படையும் பீரங்கியால் மோதிக்கொண்டன. கொடி எத்தனை முறை மாறினாலும் சரக்கு கரைக்கு வந்தது படகில்தான்.

தாத்தா வேலைக்குச் சேர்ந்தபோது சலங்குகளை இழுக்க லாஞ்சு என்ற இயந்திரப் படகு வந்துவிட்டது. இருந்தாலும் படகு படகுதான், கடல் கடல்தான். ஒவ்வொரு படகுக்கும் ஒரு தண்டல், படகுத் தலைவர். அலையின் கணக்கு அவர் கண்ணில் இருக்கும் என்பார் தாத்தா. முகத்துவாரத்து மணல்திட்டைத் தாண்டும்போது படகில் யாரும் பேசக்கூடாது, தண்டல் குரல் மட்டும்தான் கேட்க வேண்டும். கப்பலை ஒட்டியதும் மேலிருந்து வலையோ கயிற்றுச் சுருக்கோ இறங்கும். படகு அலையோடு மேலே வரும் அந்த நொடியில் மூட்டையைக் கொக்கியில் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலைவரை காத்திருக்க வேண்டும். மாட்டிய கை கொஞ்சம் தாமதித்தால் விரல் போய்விடும். விரல் இழந்த இரண்டு மூன்று பேரைத் தாத்தா வீட்டுத் திண்ணையில் நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை.

போன சரக்கு கைலி, துணி, புகையிலை, வெங்காயம். வந்த சரக்கில் முக்கியமானது பினாங்குப் பாக்கு. தஞ்சாவூர்ப் பக்கத்து வெற்றிலைப் பெட்டிகளுக்கு அது இல்லாமல் ஆகாது. பாக்கு மூட்டை நனைந்தால் வியாபாரி வாங்க மாட்டார், சண்டை டாலி கிளார்க்கிடம் வரும். அதனால் தாத்தாவுக்குப் பாக்கு என்றாலே கவலை, துணி என்றால் நிம்மதி.

ஆட்களும் அதே படகில்தான் போனார்கள். மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய நாட்களில் நாகையில் முகாம் இருந்தது. கங்காணிகள் உள்ளூர்களிலிருந்து கூட்டிவந்தவர்கள் அங்கே காத்திருந்து, பரிசோதனை முடிந்து, படகேறுவார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டக்கூலிகளாக ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது நடந்தது. கடலையே பார்த்திராத வயல்காட்டு மக்கள், கையில் ஒரு துணி மூட்டையோடு, ஆடுகிற படகிலிருந்து கப்பல் ஏணிக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலைப் பற்றி யாராவது நான்கு வரி எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு இன்றும் ஆதங்கம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் முதல் அடி நாகைக் கடலில், அந்த ஏணியில் வைக்கப்பட்டது.

ஏணியைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். தாத்தாவின் அக்கா. கல்யாணமாகி பினாங்கு போனவர், ரஜூலா கப்பலில் போய் வந்தவர். ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. தொடக்கத்தில் 5000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அத்தனை பேரும் மேல்தளத்திலும் அதற்கடியிலும் பாய் விரித்துப் படுத்து, சமைத்துச் சாப்பிட்டு, வாந்தி எடுத்துப் போனவர்கள். பெரியம்மாப் பாட்டிக்குக் கப்பலுக்குள் நடந்தது எதுவும் பெரிதாக நினைவில்லை. "ஏணிதான்டி பயம். படகு மேல வரும்போது மாலுமி கையைப் புடிச்சு இழுத்துடுவான். அந்த நேரம் விட்டுட்டா படகு கீழ போயிடும், நீ அந்தரத்துல" என்பார். அவருடைய டிரங்குப் பெட்டி வலையில் ஆடியபடி மேலே போனதையும், அது கடலில் விழுந்துவிடுமோ என்று அழுததையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

இந்த நங்கூரமிடும் கடலுக்குக் கரையிலிருந்து அடையாளங்கள் வேண்டுமே. நாகூர் தர்காவின் பெரிய மினாரா ஒன்று. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது, 131 அடி உயரம். அதைக் கண்டதும் ஊர் வந்துவிட்டது என்று கப்பலில் அழுவார்களாம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா எழுப்பியவர்கள் இங்கிருந்து போன வணிகர்கள். சிங்கப்பூர்த் தர்கா 1830 வாக்கில் கட்டி முடிந்தது.

இன்னொரு அடையாளம் இப்போது இல்லை. ஊருக்கு வடக்கே ஒரு பழைய செங்கல் கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொன்னார்கள். பௌத்தர்களுடைய கட்டடம். 19ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து எழுதிய வால்டர் எலியட், கரையோரம் போகிற வருகிற கப்பல்களுக்கு அது நல்ல அடையாளமாக இருந்தது என்கிறார். 1867இல் அதை இடித்துவிட்டார்கள். சேசு சபையினர் கல்லூரி நடத்திய இடத்தில் அது இருந்தது. கல்லூரியும் பிறகு, 1883இல், திருச்சிக்குப் போய்விட்டது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் 1856 முதல் தோண்டத் தோண்டக் கிடைத்த புத்தர் உலோகச் சிலைகள் ஏறத்தாழ 350. கடல்கடந்து வந்தவர்கள் இந்த ஊரில் தங்கி வழிபட்டார்கள் என்பதற்கு ராஜராஜன் விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்த செப்பேடு ஒரு சாட்சி என்றால், மண்ணுக்குள்ளிருந்து வந்த இந்தச் சின்னச் சின்னப் புத்தர்கள் எனக்கு இன்னும் நெருக்கமான சாட்சி. யாரோ ஒரு மாலுமியோ வணிகனோ பிழைத்து வந்ததற்காகக் கொடுத்தது அவற்றில் ஒன்றாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கடலோரத்தில் உயிரோடு இருக்கிற பழமை வேறு ஒன்று உண்டு. அதிபத்த நாயனார் இந்த ஊர்க்காரர், நுளைப்பாடி மீனவர். கிடைத்த முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டவர். ஆவணி மாதம் நீலாயதாட்சி அம்மன் கோயில் விழாவில் மீனவர்கள் படகில் போய்த் தங்க மீனைக் கடலில் விடுவார்கள். தாத்தா அன்றைக்கு வேலைக்குப் போகமாட்டார்.

சரி, இவ்வளவு வணிகம் நடந்த ஊர் ஏன் சரிந்தது? என் பார்வையில் காரணம் கரையின் அதே ஆழமின்மைதான். தென்னிந்தியாவின் தொடக்ககால ரயில் பாதைகளில் ஒன்று 1861இல் நாகையிலிருந்துதான் புறப்பட்டது, அடுத்த ஆண்டு திருச்சியைத் தொட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது கடலுக்காகத்தான். ஆனால் சென்னையில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், 1881 புயலில் இடிந்ததை மறுபடியும் கட்டினார்கள். கப்பல் சுவரை ஒட்டி நிற்க முடிகிற இடம் ஒன்று கிடைத்துவிட்டால், படகில் இறக்கி ஏற்றும் ஊருக்குச் செலவும் அதிகம், காலமும் அதிகம். 1920களில் நாகையின் ரயில்வே பணிமனை திருச்சி பொன்மலைக்குப் போனது. அதையொட்டிய ஆட்குறைப்பும் 1928 வேலைநிறுத்தமும் ஊரை உலுக்கின. பிறகு தூத்துக்குடிக்கும் பெரிய துறைமுகம் வந்தது. 1973இல் ரஜூலா ஓய்ந்தது. அதன் இடத்துக்கு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு பயணிகள் கப்பல் நின்றது. சலங்குக்காரர்களில் சிலர் மீன்பிடிக்குப் போனார்கள், சிலர் ஊரைவிட்டே போனார்கள்.

2004 டிசம்பர் 26 பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. மாவட்டத்தில் 6000க்கும் மேற்பட்டவர்கள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் விசைப்படகுகள் வீடுகளுக்கு மேல் கிடந்தன. தாத்தாவுடன் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செரியாபாணி என்ற கப்பல் கிளம்பியது. சில நாட்களிலேயே வாடைப் பருவம் வந்து நிறுத்திவிட்டது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கினார்கள். முகத்துவாரத்தைத் தூர்வாரி, கப்பல் கடுவையாற்றுக்குள்ளேயே வந்து மேடையை ஒட்டி நிற்கிறது. பயணிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு ஏறுகிறார்கள். யாரும் அலைக்காகக் காத்திருப்பதில்லை. எனக்கு அதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நாகைப் புத்தர்களுக்குச் சென்னை அருங்காட்சியகத்தில் இடம் இருக்கிறது. புதிய பயணிகள் முனையத்தின் ஒரு ஓரத்தில் ஒரு சலங்குப் படகை வைக்கலாம், முழு அளவில், துடுப்போடும் கயிறோடும். பக்கத்தில் ஒரு கப்பல் ஏணி. சலங்கு ஓட்டியவர்களில் எண்பது வயதைத் தாண்டிய சிலர் இன்னும் கீச்சாங்குப்பத்தில் இருக்கிறார்கள். எப்படிக் கட்ட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். தாத்தாவின் டாலி நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவேன்.