வாய்க்கால் மீன்களுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி: பத்து மாத அனுபவம்

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, மணலும் செடியும் போக ஏறத்தாழ 50 லிட்டர் நீர் நிற்கும் ஒரு தொட்டியில், தென்னிந்தியாவின் வாய்க்கால்களிலும் வயல்களிலும் இயல்பாக வாழும் சிறு மீன்களை மட்டுமே வளர்ப்பது என்று பத்து மாதங்களுக்கு முன் தொடங்கினேன். எந்த மீனைத் தேர்ந்தெடுப்பது என்பதே இதில் கடினமான பகுதி என்பதை முதல் நான்கு மாதங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

மீன் வருவதற்கு முன் ஐந்து வாரங்கள் தொட்டி வெறும் செடிகளோடு ஓடியது. மீன் கழிவில் உண்டாகும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சில் குடியேற அந்த அவகாசம் வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் தொடர்ந்து சுழியாக வந்த பிறகே அடுத்த கட்டத்துக்குச் சென்றேன். நீரைச் சூடாக்கும் கருவி தேவைப்படவில்லை. இந்த மீன்கள் வெப்பமான, சில வேளைகளில் தேங்கிய நீருக்கே பழகியவை.

ஆசைப்பட்டு விலக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஸ் கேரளா என்று அழைக்கப்படும் டெனிசன் கெண்டை 15 சென்டிமீட்டர் வரை வளரும். கூட்டமாக நீந்த நீண்ட இடமும், ஓடும் நீரும், மிகுந்த ஆக்சிஜனும் அதற்கு வேண்டும். அழகு மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டதும் அதுவே. குட்டிப் பேத்தை மீன் மூன்று சென்டிமீட்டர் அளவே இருந்தாலும் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும் இயல்புடையது என்பதால் அதற்குத் தனித் தொட்டிதான் சரி. உடல் வழியே எலும்பு தெரியும் கண்ணாடி மீன்களில் சந்தா நாமா என்ற இனம் பிற மீன்களின் செதில்களையே உண்ணும் என்று அறிந்ததும், அந்த எண்ணத்தையும் கைவிட்டேன்.

என் தவறு வேறோர் இடத்தில் நேர்ந்தது. உடலில் கறுப்புப் பட்டைகளும் சிவந்த துடுப்புகளும் கொண்ட மூன்று சென்டிமீட்டர் கெண்டைக் குஞ்சுகள் ஆறு கிடைத்தபோது, அவை வளர்ந்த சிறு மீன்கள் என்றே நம்பி வாங்கிவிட்டேன். நான்கு மாதங்களில் பட்டைகள் மங்கி, வாலுக்கு முன்னால் நீள்வட்டமான ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சியது. அவை டாக்கின்சியா ஃபிலமென்டோசாவின் குஞ்சுகள். 12 சென்டிமீட்டர் அளவுக்கு வளரக்கூடிய, ஆண்களின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீளும் அருமையான மீன் அது. ஆனால் என் தொட்டிக்குரியது அன்று. நான்கடித் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஆறையும் ஒப்படைத்தேன். குஞ்சின் தோற்றத்தை வைத்து எந்தக் கெண்டையையும் வாங்கக் கூடாது. இனப்பெயர் உறுதியாகத் தெரிந்து, வளர்ந்த மீனின் அளவைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்பதை அன்றிலிருந்து விதியாகக் கொண்டிருக்கிறேன்.

இப்போது தொட்டியில் இருப்பவை நான்கு இனங்கள். நீரின் எந்த மட்டத்தில் வாழும், வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தே அவற்றைத் தெரிவு செய்தேன். மேல்மட்டத்துக்கு அப்லோகைலஸ் பார்வஸ் ஐந்து. தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீர்ப்பரப்பை ஒட்டியே நிற்கும் இவற்றின் வாய் மேல்நோக்கியது. மூழ்கிய உணவைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதே வகையில் பெரியதான லினியேட்டஸ் 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, வாயில் அடங்கும் எதையும் விழுங்கிவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன். நடுமட்டத்துக்கு, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாத புண்டியஸ் விட்டாட்டஸ் என்ற சிறு கெண்டை எட்டு. முதுகுத் துடுப்பில் குறுக்காக ஓடும் கருங்கோடும் வால் அடியில் உள்ள புள்ளியும் இதன் அடையாளங்கள். எண்ணிக்கை குறைந்தால் இவை செடிக்குள் ஒடுங்கிவிடுகின்றன. மூன்றாக இருந்தபோது நான் பார்க்காத துள்ளல் எட்டாக ஆனதும் வந்தது.

அடிமட்டத்துக்கு அயிரை ஆறு. இதற்காகவே கூர்மையற்ற பொடிமணல் போட்டேன். நொடியில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டும் அழகுக்காக எத்தனை நேரமும் காத்திருக்கலாம். அயிரையின் கண்ணுக்குக் கீழே விரியக்கூடிய முள் ஒன்று உண்டு. வலையால் பிடித்தால் அது நூலில் சிக்கி மீன் காயப்படுவதால், நான் எப்போதும் கிண்ணத்தால்தான் அள்ளுகிறேன்.

பிடித்து வந்த மீன்களை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்தது பயன் தந்தது. இரண்டு கெண்டைகளின் உடலில் நங்கூரப்புழு என்ற ஒட்டுண்ணி ஒட்டியிருந்தது. இடுக்கியால் அதை எடுத்துக் காயம் ஆறும்வரை காத்திருந்தேன். தொடக்கத்தில் எதுவும் உலர் தீவனத்தைத் தொடவில்லை. கொசுப்புழுவும் டாஃப்னியா என்ற பொடி நீருயிரியும் கொடுத்து, அவற்றோடு பொடித் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு மாதத்தில் பழக்கினேன். கொசுப்புழு வளர்க்கும் வாளியை வலையால் மூடி, கூட்டுப்புழுவாகும் முன்பே முழுவதையும் அள்ளிவிடுகிறேன்.

நான்காவது இனமே எனக்கு மிகவும் நெருக்கமானது. சூடோஸ்ஃப்ரோமினஸ் குபானஸ் என்னும் ஆறு சென்டிமீட்டர் மீன், புதுச்சேரி அருகே ஓடும் அரியாங்குப்பம் ஆற்றின் பெயரால் 1831-இல் அறிவியல் பெயர் பெற்றது. காற்றைச் சுவாசிக்கும் துணை உறுப்பு இருப்பதால் நீர்ப்பரப்புக்கும் மூடிக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். எட்டாவது மாதம் பெண் மீன் ஏறக்குறைய முழுக் கறுப்பாக மாறியதைக் கண்டு நோய் என்று அஞ்சினேன். அது இனப்பெருக்க நிறம். மறுநாள் வாதாம் இலையின் அடியில் ஆண் மீன் நுரைக்கூடு கட்டி முட்டைகளைக் காவல் காத்தது. இரண்டு நாளில் பொரிந்த குஞ்சுகளில் முதல் முறை ஒன்றும் தப்பவில்லை. இரண்டாம் முறை இலையோடு ஆண் மீனையும் தனிக் கலத்துக்கு மாற்றினேன். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணைத் திரும்ப எடுத்துவிட்டு, பழைய செடிகள் ஊறிய நீரின் நுண்ணுயிரிகளையே முதல் வாரம் உணவாக விட்டேன். இன்று காலை எண்ணியபோது பதினேழு இருந்தன.