வால் நுனியில் ஒருவன்

இரண்டாம் உலகப் போரில், பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள். அதில் ஒருவன் மட்டும் வாலின் நுனியில், துப்பாக்கிக் கூண்டுக்குள் தன்னந்தனியாக. குளிர் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். மின்சாரத்தால் சூடேறும் உடை பழுதானால் விரல்கள் விறைத்துப்போகும். இருட்டில் எதிரி விமானம் தெளிவாகத் தெரியவேண்டும் என்று, முகத்துக்கு நேரே இருந்த கண்ணாடித் தடுப்பையே கழற்றிவிட்டுப் பறந்தவர்கள் உண்டு. பாராசூட்டை மாட்டிக்கொண்டு உட்கார அங்கே இடம் கிடையாது. அது கூண்டுக்கு வெளியே, முதுகுக்குப் பின்னால் இருந்தது. விமானம் தீப்பிடித்தால் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி எடுத்து மாட்டிய பிறகுதான் குதிக்க முடியும். பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுப் பையன்கள்!

பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரைத் தாக்கப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை.

கீழே இருந்தவர்களை விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு மனம் ஒப்பவில்லை. 1943 ஜூலை 27 இரவு, குண்டு விழுந்த ஜெர்மன் நகரம் ஹாம்பர்க்கில் பல இடத்துத் தீ ஒன்றாகிப் புயலாகச் சுழன்றது. நிலவறையில் பதுங்கியவர்கள் மூச்சுத்திணறிச் செத்தார்கள். ஓடியவர்களின் கால்கள் உருகிய தாரில் ஒட்டிக்கொண்டன. அந்தத் தொடர் தாக்குதலில் இறந்தவர்கள் 30,000-க்கும் மேல். குடியிருப்புகளைக் குறிவைத்தது பெரும் தவறு என்றே சொல்வேன். அந்த உத்தரவு 1942 பிப்ரவரியில் மேலிடத்திலிருந்து வந்தது, கூண்டில் இருந்தவன் போட்டதல்ல.

2012-இல் லண்டன் கிரீன் பார்க்கில் திறந்த நினைவுச்சின்னத்தில், குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டவரையும் நினைவுகூரும் வாசகமும் இருக்கிறது. அதைச் சேர்த்தவர்களை மதிக்கிறேன்.