எழுத்தில் டாலியாஃபெரோ, பேச்சில் டாலிவர்

அமெரிக்காவின் வர்ஜீனியா ஆவணங்களில் தேடுகிறவர்கள் கட்டாயம் இடறும் பெயர் ஒன்று உண்டு. எழுத்துக்கூட்டினால் டாலியாஃபெரோ (Taliaferro). அந்தப் பெயருள்ள குடும்பங்கள் பலவும் சொல்வது டாலிவர் (Tolliver). ஜார்ஜியா மாநிலத்தில் 1825இல் உருவான கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றுக்கும் இதே பெயர், இதே உச்சரிப்பு. இந்தப் பெயரின் பொருளையும் புழக்கத்தையும் தேடிப் பார்த்ததில் எந்த வழி உதவியது, எது ஏமாற்றியது என்பதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் இத்தாலிய மூல எழுத்தை மீட்க வேண்டும். அங்கே இது தல்யாஃபெர்ரோ (Tagliaferro). ஜி, எல், ஐ மூன்றும் சேர்ந்தால் ‘ல்ய’ போன்ற ஒரே ஒலி. அந்த ஜி தனியாக ஒலிக்காது. நாம் ழகரத்துக்கு இசட்-எச் போடுவதுபோல அது வெறும் அடையாளம். ஆங்கில வடிவத்தில் அது உதிர்ந்துவிட்டது. அதைத் திரும்பச் சேர்த்தால் பொருள் உடனே கிடைக்கும்: தல்யாரே என்றால் வெட்டுவது, ஃபெர்ரோ என்றால் இரும்பு. இரும்புவெட்டி.

வினையையும் பெயரையும் ஒட்டிப் பட்டப்பெயர் வைப்பது இத்தாலியில் பழைய வழக்கம். பெவிலாக்குவா தண்ணீர் குடிப்பவர், ஃப்ராஞ்சிபானே ரொட்டி பிய்ப்பவர். ஆனால் முதல் இரும்புவெட்டி கொல்லரா, எதிரியின் கவசத்தைப் பிளந்த வீரரா என்பதைப் பெயர் சொல்லாது. வீரர் என்று அடித்துச் சொல்லும் பெயர் விளக்க அட்டைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பொருள் சுலபம். புழக்கத்தைப் பிடிப்பதுதான் வேலை. எழுத்தை வைத்துத் தேடினால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். ஒலியை வைத்துத் தேட வேண்டும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணைகளில் அதற்கு சவுண்டெக்ஸ் முறை இருக்கிறது. முதல் எழுத்து அப்படியே நிற்கும், உயிரெழுத்துகள் போய்விடும், எஃப், வி போன்றவற்றுக்கு 1, ஜி, கே, எஸ் வகைக்கு 2, எல் 4, ஆர் 6. இரட்டை எழுத்து ஒன்றாகவே எண்ணப்படும். டாலியாஃபெரோவுக்குக் கிடைப்பது டி-416 (T-416). டாலிவருக்கும் அதே டி-416! ஒரே தேடலில் இரண்டும் விழும்.

இதில் இரண்டு குழிகள். ஜி உள்ள இத்தாலிய வடிவத்தின் குறியீடு டி-241. அதைத் தனியாகத் தேடாவிட்டால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேரடியாக இத்தாலியிலிருந்து வந்தவர்கள் சிக்க மாட்டார்கள். மறுபக்கம், டெல்ஃபர் என்ற பெயரும் டி-416இல்தான் வரும். அதுவும் பழைய பிரெஞ்சில் இரும்புவெட்டிதான் என்பதால் உறவு என்று நினைக்கத் தோன்றும். பொருள் ஒன்று, வழி வேறு, சேர்க்காதீர்கள். 1880ஆம் ஆண்டின் சவுண்டெக்ஸ் அட்டைகளில் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் இருந்த வீடுகள் மட்டுமே உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். 1890 கணக்கெடுப்போ 1921 தீ விபத்துக்குப் பிறகு பெரும்பாலும் மிஞ்சவில்லை.

பெயர் இருந்தால் இத்தாலிய வம்சம் என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பெயரின் நடுவே உள்ள ‘டி’ டாலியாஃபெரோதான். அவர் 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். தாய் வைத்த அந்தப் பெயரைப் பின்னாளில் அறிந்து மீண்டும் சேர்த்துக்கொண்டார். இந்தப் பெயர் கொண்ட கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அவர்களைத் தேடும்போது 1870 கணக்கெடுப்பில் தொடங்குங்கள். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர் இருக்கும். அடிமையாக இருந்தவருக்கோ பெரும்பாலும் வயது, பால், நிறம் மட்டும்தான்.

கேடய வடிவில் வரையும் குடும்ப மரபுச் சின்னமும் ஆதாரமாகாது. இந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்த சட்ட அறிஞர் ஜார்ஜ் வித், தம் மாணவர் தாமஸ் ஜெஃபர்சனிடம் இத்தாலியில் சின்னத்தைத் தேடச் சொன்னார். தேடல் போனது ஃபிளாரன்ஸ் பக்கம். வர்ஜீனியாக் கிளையின் முன்னோராகக் கருதப்படுபவரோ வெனிஸ்காரர். 1562இல் லண்டனில் குடியுரிமை பெற்றவர். பெயர் ஒத்துப்போவதால் ஊர் ஒத்துப்போய்விடாது.

பின்னாளில் குடியேறிய குடும்பமாக இருந்தால் இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் அந்தேனாத்தி தளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேட்டுப் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். மாகாணம், ஊர், ஆண்டு என்று இறங்க வேண்டும். ஊர் தெரியாவிட்டால் நகர்வது மிகவும் கடினம். ஆகவே முதலில் அமெரிக்கப் பக்கத்துக் கப்பல் பட்டியலிலோ குடியுரிமை மனுவிலோ ஊரைப் பிடியுங்கள். ஊர் கிடைத்ததும் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பெயர் அட்டவணை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவின் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற வீட்டுக் கதையை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். அங்கிருந்தவர்கள் கப்பல் பட்டியலைப் பார்த்தே வேலை செய்தார்கள். பெயர்கள் மாறியது பெரும்பாலும் பிறகுதான்.

தமிழில் எழுதும்போது வர்ஜீனியாக் குடும்பத்தாரை டாலிவர் என்றும், அந்தந்தக் குடும்பம் வேறுவிதமாகச் சொன்னால் அப்படியும் எழுதுங்கள். முதல் முறை மட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் வாசகர் வரைபடத்தில் அந்தக் கவுண்டியைத் தேடிக் களைத்துப்போவார்.