தே தேயும்: பாடகர் குழு சறுக்கும் இடங்கள்

387-இல் மிலானில் அகுஸ்தினாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, அம்புரோசியாரும் அவரும் மாறி மாறிப் பாடியதே 'தே தேயும்' என்ற லத்தீன் புகழ்ப்பாடல் என்பார்கள். அழகான கதைதான், ஆனால் ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 6-ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், ஞாயிறு இரவுச் செபத்தில் மடாதிபதி இதைத் தொடங்க வேண்டும் என்று இருக்கிறது. பாடல் அப்போதே வழக்கில் இருந்ததற்கு அது உறுதியான சான்று.

யாப்பில்லாத 29 வசனங்கள். ஒன்று குட்டை, அடுத்தது நெட்டை. தாளம் தட்டிப் பழகினால் கெட்டுவிடும். முதலில் சொற்களை மட்டும் சேர்ந்து வாசியுங்கள். 'கெரூபிம்' என்பதில் ககரம், 'செரூபிம்' தவறு. 'ஹொர்ருயிஸ்தி' வேண்டாம், 'ஒர்ருயிஸ்தி' போதும். திருச்சபை லத்தீனில் தொடக்க ஹகரம் ஒலிக்காது.

இரு அணியாகப் பிரிந்து பாடும்போது 7, 8, 9-ஆம் வசனங்களைக் கவனியுங்கள். திருத்தூதர் குழாம், இறைவாக்கினர் கூட்டம், மறைசாட்சியர் படை என மூன்று எழுவாய்கள் வருகின்றன; 'லவுதாத்' ('புகழ்கிறது') என்ற வினை ஒன்பதாவதில்தான். ஏழாவதோடு முடிந்ததுபோல் இழுத்து நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

உண்மையான சோதனை 20-ஆம் வசனத்தில். 'தே எர்கோ' என்றதும் எல்லாரும் முழந்தாளிடுவது மரபு. குனியும்போது மூச்சு அறுந்து சுருதி இறங்கும். எழுந்திருக்கும் சலசலப்பிலேயே 'ஏத்தெர்னா ஃபாக்' வருகிறது. அங்கே மெட்டும் மாறுகிறது. பழைய மெட்டில் பாதிப் பேர், புதியதில் பாதிப் பேர் என்று ஆகிவிடும். முழந்தாளிட்டு முடித்து, எல்லாரும் நிமிர்ந்த பிறகு ஒருவர் மட்டும் சுருதி கொடுக்கட்டும். அந்த மௌனம் நீளமாகத் தோன்றும், பரவாயில்லை. ஒத்திகையிலும் முழந்தாளிட்டே பாடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த இடம் பிடிபடாது.

'சால்வும் ஃபாக்' முதல் இறுதிவரை உள்ள பகுதி பெரும்பாலும் விவிலியத்தின் சங்கீத நூல் (திருப்பாடல்கள்) வரிகள். கட்டளைச் செபத்தில் (குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் செபம்) விரும்பினால் அதை விடலாம். அவசரமாக ஓட்டுவதைவிட விடுவது மேல். டிசம்பர் 31 நன்றி வழிபாட்டில் மட்டும் முழுதாகப் பாடுங்கள். அன்று பொதுவில் பாடுவோருக்கு, வழக்கமான நிபந்தனைகளோடு, பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையிலிருந்து திருச்சபை தரும் முழு விடுதலை) உண்டு. தவக்கால ஞாயிறுகளின் கட்டளைச் செபத்தில் தே தேயும் கிடையாது.

முடித்ததும் பழக்கதோஷத்தில் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்ற திரித்துவப் புகழைச் சேர்க்காதீர்கள். சங்கீதத்துக்குத்தான் அது, தே தேயும் 'இன் ஏத்தெர்னும்' என்பதோடு முடிகிறது.