அப்பாவும் முளைத்தார்

"கதைதானே டீச்சர் எழுதச் சொன்னீங்க?"

அவன் கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை, பயம்கூட இல்லை. நான் கேட்டது அவனுக்கு விளங்கவில்லை. "இது நெசமாப்பா? அப்பா இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டிருந்தேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்புப் பையன், பெயர் வேண்டாம். எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்தியிருக்கிறேன். டிபிசி என்று அவன் எழுதியிருப்பது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம்.

"எங்க அப்பா டிபிசியில நெல்லக் கொட்டிட்டு அங்கயே படுத்திருந்தார். ஒம்போது நாள். மழை பெஞ்சுது. நெல்லு முளைச்சுது. அப்பாவும் முளைச்சுட்டார். காதுல ரெண்டு பச்சை. மிஷின் வச்சுப் பாத்தவர் ஈரம் அதிகம்னு சொல்லிட்டுப் போயிட்டார். அம்மா சோத்துத் தூக்கோட வந்து எது அப்பான்னு தேடுனாங்க."

அதோடு கதை முடிந்தது. கீழே கோடு போட்டு தேதி எழுதியிருந்தான்.

குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வருகிற ஐப்பசி அது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். வெயில் வந்தால் பரப்பி, மேகம் கறுத்தால் கூட்டித் தார்ப்பாய் போட்டு, ராத்திரி அங்கேயே காவல் கிடப்பதுதான். என் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் அந்த வாரம் அங்கேதான் கிடந்தார்கள். அவன் எதையும் வானத்திலிருந்து பிடித்து எழுதவில்லை.

அப்படி எழுதச் சொன்னதே நான்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் கதை என்றால் பரீட்சையில் வரும் 'குறிப்புகளைக் கொண்டு கதை எழுதுக'தான். காட்டில் சிங்கம், ஊரில் ராஜா, கடைசியில் 'நீதி' என்று எழுதி முக்காற்புள்ளி. நான் மூன்று தடை போட்டேன்: ராஜா கூடாது, பேசுகிற மிருகம் கூடாது, நீதி கூடாது. அப்புறம் ஒரே ஒரு விதி. இந்த வாரம் கண்ணால் பார்த்த ஒன்றை எடுத்துக்கொள், அதில் நடக்கவே நடக்காத ஒன்றை நடக்கவிடு. ஒரு பெண், மதியமே மோட்டார் கொட்டகைக்குள் படுத்துத் தூங்குகிறது என்று எழுதினாள். இன்னொருத்தன் மதகுப் பலகையைத் தூக்கினால் தண்ணீருக்குப் பதில் ரோடு வருகிறது என்று எழுதினான். சிரித்தபடியே திருத்திக்கொண்டு வந்தேன். இவன் நோட்டு பதினான்காவதோ பதினைந்தாவதோ.

விதிப்படி அப்படியே எழுதியிருந்தான். பார்த்த ஒன்று, நடக்காத ஒன்று. அந்த 'எது அப்பான்னு' என்கிற இடத்தை எத்தனை வருஷம் எழுதினாலும் என்னால் எழுத முடியாது. இது இப்போது தோன்றுவது. அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 2016இல் மழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. காய்ந்த வயலைப் பார்க்கப் போனவர் அங்கேயே விழுந்து செத்தார் என்று பேப்பரில் தினம் ஒரு செய்தி வந்த காலம். டெல்டாவில் இருப்பவர்களுக்கு அது மறக்காது. அப்பா மண்ணோடு மண்ணாகிவிட்டார் என்று ஒரு பிள்ளை எழுதினால் கற்பனை நன்று என்று டிக் அடித்துவிட்டுப் போக முடியுமா? வகுப்பறைச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று நாங்களே ஒட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வாயால் சொல்லாததை நோட்டில் சொல்வார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். தலைமையாசிரியரும் "நீங்க கேட்டதுதான் சரி டீச்சர்" என்றார்.

கேட்டதோடு நிறுத்தியிருந்தால் சரிதான். மதியம் அவன் அம்மாவுக்குப் போன் போட்டேன். "வீட்ல எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்றேன். நல்லாருக்கோம் என்றார். அங்கேயே வைத்திருக்கலாம். எதற்குக் கேட்கிறேன் என்று விளக்க வேண்டும் என்று தோன்றி, கதையைப் போனிலேயே முழுக்கப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "அவங்கப்பாவ வரச் சொல்றேங்க டீச்சர்" என்றார்.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே வாசலில் நின்றார். "உயிரோடதான் இருக்கேன் டீச்சர்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நோட்டைப் பார்க்கலாமா என்றார். கொடுத்தேன். உதடு அசைய, மெதுவாகப் படித்தார். 'காதுல ரெண்டு பச்சை' வந்தபோது கை தானாகக் காதுக்குப் போனது. பிறகு நோட்டை மூடினார்.

"அங்க கெடந்தது உண்மதான். ஈரம்னு தள்ளுனதும் உண்மதான். அதையெல்லாம் எதுக்கு டீச்சர் எழுதுறான்?"

நான்தான் எழுதச் சொன்னேன் என்று அவரிடம் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும்போது, "பசங்க அப்படித்தாங்க, எதையாவது எழுதுவாங்க" என்று சொன்னதுதான் காதில் விழுகிறது. அவர் "சரி டீச்சர்" என்று சைக்கிளை எடுத்தார். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பையன் உடம்பில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை. பார்த்தேன்.

அடுத்த வாரம் அவன் எழுதியது சிங்கமும் முயலும். ஒரு பிழை இல்லை. கடைசியில் 'நீதி: மெலியோரை எளியோர் என எண்ணாதே' என்று அடிக்கோடு வேறு. என் மூன்று தடையில் இரண்டை மீறியிருந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் 'நன்று' போட்டேன். வருஷக் கடைசி வரைக்கும் சிங்கம், ராஜா, காக்கா.

யாராவது கதை சொன்னால் "அப்புறம்?" என்றுதானே கேட்போம். அவனிடம் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றும். அம்மா கண்டுபிடித்தார்களா, பச்சையைப் பிடுங்கினார்களா, நாற்றாகவே வீட்டுக்குக் கொண்டுபோனார்களா, அவன் சொல்லியிருப்பான். "நெசமா?" என்று கேட்டதில் அந்த வழியை அடைத்துவிட்டேன். ஆனால் அது உண்மையாகவே இருந்திருந்தால்? அப்பாவை இழந்த பிள்ளையிடம் "அப்புறம்?" என்று கேட்ட டீச்சராக இருப்பதற்கு இது மேல் என்று வேறு சில நாள் தோன்றும். பாதி உண்மை, பாதி கதை என்று எழுதச் சொன்னவளுக்கு எந்தப் பாதி எது என்று கேட்க உரிமை உண்டா என்பதற்கு மட்டும் இரண்டு வகை நாளிலும் பதில் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கான 'ஊஞ்சல்' இதழுக்கு அனுப்பலாம் என்று அந்தக் கதையைத் தனித்தாளில் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. அவன் அப்பாவிடம் கேட்காமல் எப்படி அனுப்புவது? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது ஆறாம் வகுப்பு, இதே பள்ளியில்தான். எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வான். போன மாதம் நின்று கேட்டான், "டீச்சர், அந்தப் பழைய கதை நோட்டு உங்ககிட்ட இருக்கா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான்."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டியதே இல்லை. என் பீரோவில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில் இருக்கிறது.